குழியோரத்து ஆமென்

எனக்குக் கோபம் வந்தால் ஏலம் நன்றாகப் போகும். எங்கள் ம்புயுனி சபையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது என் பொறுப்பு. கோழி, முட்டை, கரும்பு, தேங்காய், எது வந்தாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நான் போடுகிற சத்தத்தில் தெருமுனையில் நிற்கிற பஜாஜ் ஆட்டோ ஓட்டுநர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். வாரம் முழுக்கப் பொரித்த மீன் கூவி விற்கிற தொண்டை, ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்காகக் கத்தினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இந்த வருஷ அறுப்பின் பண்டிகையன்று எனக்கு வந்த கோபம் வேறு ரகம். இன்னும் ஆறவில்லை.

ம்போனேயாவுக்காக வந்த கோபம் அது. ம்போனேயா கக்கூஸ் குழி அள்ளுகிறவர். எங்கள் பேட்டையில் சாக்கடைக் குழாய் கிடையாது, சந்துக்குள் லாரியும் நுழையாது. குழி நிறைந்தால் மனுஷன்தான் இறங்க வேண்டும். இறங்குகிறவனுக்குத் தார் எஸ் ஸலாம் நகரம் முழுக்க ஒரே பெயர்தான், தவளை. குழிக்குள் குதிக்கிறானாம், அதனால் தவளையாம். அவர் தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே போய்த் தவளை மாதிரிக் கத்தும். பெற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். போன வாரம் அவர்கள் வீட்டுக் குழியைத்தான் அந்த மனுஷன் அள்ளியிருப்பார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அதற்காக அவரைப் புனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். பாரே மலையிலிருந்து கொத்தனார் வேலை தேடி வந்தவர். வேலை கிடைக்கவில்லை, வயிறு காய்ந்தது, குழியில் இறங்கினார். அவ்வளவுதான் கதை. நாற்றம் தெரியாமல் இருக்க இந்தத் தொழிலில் எல்லோரும் சாராயம் குடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அவரும் குடித்தார். ஒரு தடவை என் வீட்டுக் குழிக்குக் குடிக்காமல் வந்து நின்றார்.

"என்ன அண்ணே, சாராயக்கடைய மூடிட்டானா?" என்று கேட்டேன்.

"இல்ல ஐக்கா அம்மா. போதையில இறங்கினா, வேலை எப்படா முடியும்னு இருக்கு. நேத்து குழிக்குள்ள நிக்கும்போது தோணிச்சு. இந்த ஊர்ல ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடம் இது. ஆண்டவர் எல்லா இடத்துலயும் இருக்காருன்னா, இங்கயும்தானே இருப்பாரு? அவர் முன்னாடி எப்படிக் குடிச்சிட்டு நிக்கறது?"

"ஏன், ஆண்டவருக்கு நிக்க வேற இடமே கிடைக்கலயா?"

"நானும் அதத்தான் அவர்கிட்ட கேட்டேன்," என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. மூடியைப் பெயர்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி, விஷக்காற்று போகட்டும் என்று விட்டு வைப்பார். பிறகு தொப்பியைக் கழற்றுவார். "ஆண்டவரே, எல்லாத்தையும் பார்க்கிறவர் நீர். இதையும் பார்க்கிறீர். நான் இறங்கறேன், நீரும் கூட இரும். இந்த வீட்டுல யாருக்கும் நோய் வர வேண்டாம்." இவ்வளவுதான் ஜெபம். ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ஆமென் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இறங்க மாட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் முஸ்லிம்கள். அவர்களெல்லாம் இரண்டு கையையும் ஏந்தி வாய் நிறைய ஆமீன் சொல்வார்கள். முகத்தைச் சுளிப்பது யார் என்றால் நம்ம சபைக்காரர்கள்தான். கக்கூஸ் குழியில் கர்த்தருடைய நாமத்தை இழுக்கலாமா என்று கமிட்டியில் ஒருத்தர் கேட்டாரே! கக்கூஸுக்குப் போகாமல் பரலோகத்திலிருந்து நேராக இறங்கி வந்தவர் போல.

இன்னொன்றும் செய்வார். பக்கத்திலேயே புதுக் குழி வெட்டி, பழையதை அதில் போட்டு, சுண்ணாம்பும் மண்ணும் தள்ளி மூடிவிட்டு, மேலே ஒரு வாழைக்கன்றை நட்டுவிட்டுப் போவார். இதற்கென்று தனிக் கூலி கேட்க மாட்டார். எங்கள் பேட்டையில் கொழுத்து நிற்கிற வாழைகளில் முக்கால்வாசி அவர் நட்டவை. இறைச்சியோடு அந்தக் காயைப் போட்டுக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போவார்கள்.

என் வீட்டுத் தகர வேலிக்கு அந்தப் பக்கம் மூப்பர் எலிசாரியா வீடு. சிமெண்டுக் கடை வைத்திருக்கிறவர், கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். சில வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் குழியையும் ம்போனேயாதான் அள்ளினார். அப்போது மூப்பர் வெளியே வரவே இல்லை. ஆமென் சொல்ல வேலைக்காரப் பெண்ணை அனுப்பினார். அந்தப் பெண்ணும் மூப்பருக்குப் பதிலாக ஒரு ஆமெனைச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். மூடின குழி மேல் நட்ட வாழை, மூப்பர் வீட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்தது.

இந்த வருஷம் பெருமழைக் காலத்தில் மூப்பர் வீட்டுக் குழி மறுபடியும் நிறைந்தது. மகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வழியனுப்பு விருந்து நெருங்கிவிட்டது. ம்போனேயாவைக் கூப்பிட்டு விட்டார். நான் முற்றத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். தகர வேலிக்குக் காதா இல்லை?

"மழை விடட்டும் மூப்பரே, முறையா அள்ளித் தர்றேன்," என்றார் ம்போனேயா.

"மழை விடற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க அடக்கிட்டு உக்காந்திருப்பாங்களா? பக்கச் சுவத்துல ஓட்டை போடு. வாந்தி எடுக்கட்டும். மழைத்தண்ணி இழுத்துட்டுப் போயிடும்."

குழியை வாந்தியெடுக்க வைப்பது இங்கே நடக்கிறதுதான். அடைமழையில் சுவரை இடித்துத் திறந்துவிட்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம். யார் வீட்டு நரகல் யார் வீட்டுக்குள் போனது என்று மழைக்குத்தான் தெரியும்.

"எங்க இழுத்துட்டுப் போகும்?" என்று கேட்டார் ம்போனேயா.

"பள்ளத்துக்கு."

"பள்ளத்துல அனாயேலி வீடு இருக்கு. அவங்க அடுப்பு தரையோட தரையா இருக்கு."

"உன்கிட்ட நான் ஊர்க்கதை கேட்கல. முடியுமா, முடியாதா?"

"முடியாது."

"தவளைக்கு வந்த திமிரப் பாரு!"

"தவளைதான் மூப்பரே. ஆனா ஜெபம் பண்ணிட்டு வேலையத் தொடறவன். எந்த ஜெபத்தச் சொல்லி இந்த ஓட்டையப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க, நான் சொல்றேன்."

மூப்பர் அவரை வாசலைத் தாண்டி விரட்டினார். அன்று சாயங்காலமே யாரோ பொடிப்பயல்களைப் பிடித்துச் சுவரை இடித்தார்கள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அனாயேலி எங்கள் சபைதான், புருஷன் இல்லாதவள், தேங்காய் துருவி விற்றுப் பிழைக்கிறவள். அவள் அடுப்பங்கரையில் முழங்கால் அளவுக்கு நின்றது. சோள மாவு மூட்டை போச்சு, பானை சட்டி போச்சு. அவளுடைய சின்னப் பெண்ணுக்கு வயிற்றால் போய், கண் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்ததே பெரிய காரியம்.

மேட்டில் விருந்து. முழு ஆட்டை வாட்டி, அதன் வாயில் கொத்துமல்லிக் கட்டை வைத்து, பாட்டுப் போட்டு, பெண்ணை ஆட விட்டார்கள். பள்ளத்தில் ம்போனேயா அனாயேலி வீட்டு அடுப்பங்கரையில் நின்று வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார். அவர் செய்யாத பாவம். அவர் முடியாது என்று சொன்ன வேலை. சுண்ணாம்பு தூவி, தரையை மண்வெட்டியால் சுரண்டி, அடுப்புக் கல்லைக் கழுவி மறுபடி நட்டுக் கொடுத்துவிட்டு, "ஆமென் சொல்லுங்க அனாயேலி," என்றாராம். அவள் அழுதுகொண்டே சொன்னாளாம்.

மூப்பரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மூச்! அடுத்த ஞாயிறு அவர்தான் வேதபாடம் வாசித்தார். நான் போதகரிடம் போய்ச் சொன்னேன். "ஜெபிப்போம் அக்கா," என்றார். இந்த ஜெபிப்போமைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகை வந்தது. ம்போனேயா என் மீன் கடைக்கு வந்து, சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே?"

"என் வீட்டுக்குப் பின்னாடி ஒரு வாழைத்தார் முத்தி நிக்குது. இந்த வருஷம் அதக் கொண்டு வந்து பீடத்துல வைக்கலாம்னு பாஸ்டர் ஐயாகிட்ட கேட்டேன். காசாவே காணிக்கைக் கவர்ல போட்டுடுங்களேன் ம்போனேயா, பணத்துக்கு வாசனை கிடையாதுன்னார்."

எனக்கு எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. இத்தனை வருஷமாக இந்த ஆளுடைய கவரை வாங்கிக்கொண்டீர்களே, அது எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தெரியாதா? கோயில் கூரைத் தகரத்தில் எத்தனை தகரம் அவருடையது?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. மத்தவங்க எல்லாம் கையால செஞ்சத பீடத்துல வைக்கறாங்க. விவசாயி மூட்டை கொண்டு வர்றான், தையக்காரி சட்டை கொண்டு வர்றா. நான் அள்ளறேன், புதைக்கறேன், அதுல வாழை வருது. அத ஒரு தடவை பீடத்துல வைக்கணும். அப்புறம் சபையில யாராவது ஒருத்தர் ஏலத்துல எடுத்து, வீட்டுக்குக் கொண்டு போய்ச் சமைச்சுச் சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் ஐக்கா அம்மா."

"கொண்டு வாங்க. ஏலம் விடறது நான்தானே? எவன் தடுக்கறான் பார்க்கலாம்."

கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட பழுப்புக் கோட்டு, கிராம்பு வாசனை சோப்பு, தோளில் தார். பீடத்துக்குப் போகிற வழியில் பெஞ்சு பெஞ்சாக முகங்கள் திரும்பின. போதகர் தலையைக் குனிந்துகொண்டே எல்லாப் பொருள்களையும் ஆசீர்வதித்தார். தாரும் அதில் இருந்தது. ம்போனேயா போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வெளியே ஏலம். முதலில் மூப்பர் எலிசாரியா வீட்டுத் தார். ஆள் உயரம், காய் ஒவ்வொன்றும் கை நீளம். போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். பாடகர் குழுத் தலைவர் எடுத்தார். "மூப்பர் வீட்டு மண்ணே ஆசீர்வாதமான மண்ணு," என்று ஒரு அம்மாள் சொன்னாள். மூப்பர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அடுத்து ம்போனேயாவின் தாரைத் தூக்கினேன். "கர்த்தருடைய பீடத்துலேர்ந்து வந்த தாரு! பச்சை மாறாத தாரு! யார் கேக்கறீங்க?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் மறுபடி கேட்டேன். ஒருத்தர் இருமினார். ஒருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். ம்போனேயா மரத்துக்கு அப்பால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"ஐக்கா அம்மா," என்றார் மூப்பர், "அத ஓரமா வச்சிடுங்க. நேரமாகுது. யாரையும் வற்புறுத்தக் கூடாது பாருங்க. சாப்பிடற பொருளு."

அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"சாப்பிடற பொருளா? இப்ப எடுத்தீங்களே மூப்பர் வீட்டுத் தாரு, அது எங்க வளர்ந்துச்சு தெரியுமா? வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன், சொல்றேன் கேளுங்க! மூப்பர் குடும்பத்து நரகலை இந்த மனுஷன் அள்ளிப் புதைச்ச குழி மேல! கன்னு வச்சதும் இவர்தான்! ஆசீர்வாதமான மண்ணாம்ல! அந்த அசிங்கத்த அடிச்சுப் பிடிச்சு வாங்கறீங்க, இது மட்டும் உங்களுக்குத் தொண்டையில இறங்காதா?"

பாடகர் குழுத் தலைவர் தோளில் இருந்த தாரைப் பாம்பைப் போட்டது மாதிரி கீழே போட்டார். யாரோ சிரித்தார்கள். மூப்பர் முகம் கறுத்துப்போய், "பொய்! இவளுக்கு எப்பவும் வாய் அதிகம்!" என்றார். வேலைக்காரப் பெண் அவருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அனாயேலி வந்தாள். அவள் ஏலத்தில் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை, திறக்க வழி இல்லை. கையிலிருந்த முண்டுத்துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்தாள். என் கையிலிருந்து தாரை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"விலை என்ன சொல்ற?" என்று மூப்பர் சீறினார். "விலை இல்லாம எடுத்தா அது ஏலமா?"

"என் அடுப்பங்கரையிலேர்ந்து அவர் எத எத அள்ளிக் கொண்டு போனாருன்னு உங்களுக்குத் தெரியும் மூப்பரே," என்றாள் அனாயேலி. "அதே அடுப்பங்கரைக்கு நான் இதக் கொண்டு போறேன். விலை மழையிலேயே குடுத்தாச்சு. உங்க வீட்டு விருந்தன்னிக்கு."

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று கத்தி, தகரத் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தேன். தட்டு சொட்டையாகிவிட்டது.

ம்போனேயா வந்து கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் நேராக என்னிடம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"என் தாருக்காகச் சண்டை போட்டீங்க, சரி," என்றார். "ஆனா மூப்பர் வீட்டுத் தாரை ஏன் அசிங்கம்னீங்க? அதுவும் நான் வச்சதுதானே? அதுக்கும் ஜெபம் பண்ணித்தானே மண்ணுத் தள்ளினேன்?"

கீழே கிடந்த அந்தத் தாரைத் தூக்கி, கோட்டுக் கையாலேயே மண்ணைத் துடைத்து, பாடகர் குழுத் தலைவரின் தோளில் திருப்பி வைத்தார். "கொண்டு போங்க தம்பி. நல்ல காயி. தேங்காப்பால் ஊத்தி வைக்கச் சொல்லுங்க." அந்த ஆள் தூக்கிக்கொண்டு போனார். நான் குனிந்து தட்டின் சொட்டையைக் கரண்டியால் தட்டிச் சரிபண்ண ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் கமிட்டி கூடி எனக்கு ஏலத்திலிருந்து ஓய்வு கொடுத்தது. ஓய்வாம்! நான் கேட்டேனா? மூப்பர் மட்டும் அதே முதல் பெஞ்சில்.

ஆனால் குழிக்குக் கமிட்டி தெரியாது. வாந்தியெடுத்த குழியில் தண்ணீர்தான் ஓடும், கெட்டி அப்படியே அடியில் உட்கார்ந்திருக்கும். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது இடித்த சுவரை அடைத்து வைத்திருந்த மூப்பர் வீட்டுக் குழி மறுபடி நிறைந்து பொங்கியது. அந்தப் பொடிப்பயல்களைக் கூப்பிட்டார், கெட்டியை அள்ள எங்களால் ஆகாது என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழி? ம்போனேயாவுக்கு ஆள் அனுப்பினார்.

ம்போனேயா போனார். "போகாதீங்க அண்ணே, நாறிச் சாகட்டும்," என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னேன். "நாறினா பள்ளத்துக்குத்தான் வரும் ஐக்கா அம்மா," என்றார்.

மூடியைப் பெயர்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார். காற்றுப் போக விட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து, தொப்பியைக் கழற்றி ஜெபம் பண்ணினார். அதே ஜெபம், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேலைக்காரப் பெண் ஓடி வந்து, "ஆமென்," என்றாள்.

"நீ சொன்னது சரி தாயி," என்றார் ம்போனேயா. "ஆனா இது உன் குழி இல்ல."

பெண் உள்ளே போனாள். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். என் மீன் ஒரு பக்கம் கருகியது, நான் திருப்பவில்லை. கடைசியில் மூப்பர் வந்தார், கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு. குழியிலிருந்து எட்டவே நின்றார்.

"இறங்கு. என்ன நாடகம் இது?"

"நாடகம் இல்ல மூப்பரே. ஜெபம் பண்ணிட்டேன். உங்க ஆமென் பாக்கி."

"மனசுல சொல்லிட்டேன்."

"கோயில்ல மனசுலயா சொல்றீங்க?"

மூப்பர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். வேலிக்கு மேலே என் தலையைப் பார்த்தார். ஆமென் சொல்ல வாயைத் திறக்க வேண்டும், வாயைத் திறக்கக் கைக்குட்டையை எடுக்க வேண்டும். எடுத்தார். தன் வீட்டுக் குழியின் காற்று முதல் தடவையாக அவருடைய நெஞ்சுக்குள் போனது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னமோ முணுமுணுத்தார்.

"கேக்கல மூப்பரே!" என்று நான் கத்தினேன்.

"ஆமென்!" என்றார் மூப்பர். முதல் பெஞ்சில் சொல்வதைவிடச் சத்தமாக.

ம்போனேயா தொப்பியை வேலிக்கம்பியில் மாட்டினார். நடுவதற்கு எடுத்து வந்திருந்த வாழைக்கன்றை நிழலில் நகர்த்தி வைத்தார். பிறகு கயிற்றைப் பிடித்துக் குழிக்குள் இறங்கினார்.